‘எல்லாம் மாயை’ என்றா சொன்னார் பிரசங்கி?

வாசகர் கேள்வி – பதில்

பழைய ஏற்பாட்டின் பிரசங்கி நூல் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழை ஒதுக்கியிருக்கிறோம். மேற்கோள்கள் தமிழ்நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை. கத்தோலிக்க வாசகர்கள் தங்கள் திருவிவிலியத்தில் ‘சபை உரையாளர்’ என்ற தலைப்பில் தேடவும். நூல் ஒன்றுதான்.

கேள்வி: ‘மாயை, மாயை, எல்லாம் மாயை’ என்று நூல் தொடங்குகிறது. வேதாந்தம் சொல்கிற மாயையும் இதுவும் ஒன்றா?
– வாசகர், பாளையங்கோட்டை

ஒன்றல்ல. சொல் நம்முடையது, கருத்து நம்முடையதல்ல. எபிரேயத்தில் அங்கே இருப்பது ‘ஹெவெல்’. வாயிலிருந்து விடும் மூச்சு, ஆவி என்பது அதன் நேர்ப்பொருள். எருசலேம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலையூர். குளிர்காலக் காலையில் அங்கே வாயைத் திறந்தால் வெள்ளையாக ஆவி தெரியும், கண் இமைப்பதற்குள் கலைந்துவிடும். அது பொய்த்தோற்றமல்ல. உண்மையாகவே இருந்தது, ஆனால் நிற்கவில்லை, கையில் பிடிக்கவும் முடியவில்லை. ஆதியாகமத்தில் காயீன் கையால் செத்த ஆபேலின் பெயரும் எபிரேயத்தில் இதே சொல்தான்.

அத்வைத மாயையில் கயிறு பாம்பாகத் தெரிகிறது. பிரசங்கிக்கு அந்தச் சிக்கலே கிடையாது. பத்தாம் அதிகாரத்தில் பாம்பு கடிப்பதைப் பற்றிப் பேசுகிறார். அது கயிறாக இருக்குமோ என்று ஒரு கணமும் ஐயப்படவில்லை. சைவ சித்தாந்தத்தின் மாயையோ மும்மலங்களில் ஒன்று, உலகம் தோன்றுவதற்கான மூலப்பொருள். அதுவும் இங்கே பொருந்தாது.

‘மாயை’ என்று படிப்பதால் வரும் கோளாறு எங்கே வெளிப்படும் என்றால், 8:14இல். நீதிமானுக்குத் துன்மார்க்கன் பெறவேண்டியது நேரிடுகிறது, துன்மார்க்கனுக்கு நீதிமான் பெறவேண்டியது நேரிடுகிறது. இதுவும் ஹெவெல் என்கிறார். அநியாயம் வெறும் தோற்றம்தான் என்றால் அது ஆறுதல் செய்தியாகிவிடும். அவர் ஆறுதல் சொல்லவில்லை, இது எந்தக் கணக்கிலும் சேராத கொடுமை என்று முறையிடுகிறார். பொருளே தலைகீழாகிவிடுகிறது பாருங்கள்.

நூல் முழுக்க இந்தச் சொல் 38 முறை வருகிறது. ஒரே தமிழ்ச்சொல்லால் 38 இடத்தையும் அடைக்க முடியாது என்பதே எங்கள் கருத்து. மூன்று பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வோரிடத்திலும் எது பொருந்துகிறது என்று போட்டுப் பார்க்கலாம். இளமையைச் சொல்லும் 11:10இல் ‘சீக்கிரம் போய்விடுவது’. தோட்டம், மாளிகை, வெள்ளி, பொன் எல்லாம் சேர்த்த பிறகு வரும் 2:11இல் ‘கையில் மிஞ்சாதது’. மேலே சொன்ன 8:14இல் ‘அறிவுக்குப் பிடிபடாதது’. மூச்சு என்ற ஒரே உருவகத்துக்குள் மூன்றும் அடங்கும். மூடனுடைய சிரிப்பைப் பானையின்கீழ் எரியும் முள்ளோடு ஒப்பிடும் 7:6ஐயும் பார்த்துவிடுங்கள். முள் படபடவென்று வெடித்துக் கொழுந்துவிட்டு எரியும், ஆனால் பானை கொதிப்பதற்குள் அடங்கிவிடும். ஹெவெலுக்கு இதைவிட நல்ல விளக்கவுரை தேவையில்லை.

பழைய மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரியாமலில்லை. 9:9இல் ஹெவெல் இரண்டு முறை வருகிறது. ஒரு முறை ‘மாயையான நாட்கள்’ என்றார்கள், மறுமுறை ‘நிலையில்லாத இந்த ஜீவவாழ்வு’ என்றார்கள். நீதிமொழிகள் 31:30இல் இதே சொல் ‘அழகும் வீண்’ என்று வருகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பிரசங்கியிலும் ‘வீண்’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டது. அதில் வேதாந்த வாடை இல்லை, நல்லது. ஆனால் ‘சீக்கிரம் போய்விடுவது’ என்ற பொருளும் அதோடு கழிந்துவிட்டது. எங்களைக் கேட்டால், 9:9இல் நழுவி விழுந்த அந்த ‘நிலையில்லாத’ என்ற சொல்லே மூலத்துக்கு மிக அருகில் நிற்கிறது.

கேள்வி: ‘மாயையும் மனதுக்குச் சஞ்சலமும்’ என்று திரும்பத் திரும்ப வருகிறதே, பிரசங்கிக்கு மனச்சோர்வா?
– வாசகி, மதுரை

அந்தச் ‘சஞ்சலம்’ மூலத்தில் இல்லை. ‘ரெஉத் ரூவாஹ்’ என்ற தொடரில் ‘ரூவாஹ்’ என்றால் காற்று என்றும் ஆகும், ஆவி அல்லது மனம் என்றும் ஆகும். 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு மனத்தைப் பிடித்துக்கொண்டது. தமிழும் அதே வழியில் போயிற்று. இப்போது பெரும்பாலானோர் காற்று என்றே கொள்கிறார்கள்: காற்றைத் துரத்துவது, அல்லது ஆட்டை மேய்ப்பதுபோலக் காற்றை மேய்ப்பது. மேய்ப்பது என்று வைத்துக்கொண்டால் படம் இன்னும் அழகு. கோலை வைத்துக்கொண்டு ஒருவன் காற்றை ஓட்டிப் பட்டியில் அடைக்கப் பார்க்கிறான்! சோர்வைவிட இதில் கிண்டல்தான் அதிகம்.

கேள்வி: 2:10இல் ‘என் பிரயாசங்கள் எல்லாவற்றினாலும் எனக்கு வந்த பலன்’ என்கிறார். அடுத்த வசனத்திலேயே ‘சூரியனுக்குக் கீழே பலன் ஒன்றுமில்லை’ என்கிறார். பலன் வந்ததா, வரவில்லையா?
– கல்லூரி மாணவர், திருச்சி

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். நூலின் திறவுகோலில் கையை வைத்துவிட்டீர்கள்.

எபிரேயத்தில் இவை இரண்டு வேறு சொற்கள். 2:10இல் இருப்பது ‘ஹேலெக்’, அதாவது பங்கு. சொத்துப் பிரிக்கும்போது ஒருவருக்கு விழும் பாகம் எதுவோ, அது. 2:11இல் இருப்பது ‘யித்ரோன்’. மிஞ்சுதல் என்ற வேரிலிருந்து வந்தது. முதலும் செலவும் கழித்துக் கையில் நிற்கும் ஆதாயம் என்று கணக்குப்பிள்ளையின் மொழியில் சொல்லலாம். இந்தச் சொல் எபிரேய வேதாகமம் முழுவதிலும் இந்த நூலில் மட்டுமே, 10 முறை, வருகிறது. தமிழில் இரண்டு இடத்திலும் ‘பலன்’ என்று போட்டுவிட்டதால் மனிதர் ஒரே மூச்சில் உண்டு, இல்லை என்று சொல்வதுபோலத் தெரிகிறது.

அது போதாதென்று யித்ரோன் வேறு இடங்களில் வேறு வேடம் போடுகிறது. ‘இருளைப்பார்க்கிலும் வெளிச்சம் எவ்வளவு உத்தமமோ’ என்ற 2:13இல் ‘உத்தமம்’. மழுங்கிய இரும்பைத் தீட்டாவிட்டால் அதிக பலம் செலவாகும் என்ற 10:10இல் ‘பிரதானம்’. தமிழில் படிப்பவருக்கு இவையெல்லாம் ஒரே சொல் என்று தெரிய வழியில்லை.

இப்போது 1:3க்குத் திரும்புங்கள். ‘மனுஷன் படுகிற எல்லாப் பிரயாசத்தினாலும் அவனுக்குப் பலன் என்ன?’ இது யித்ரோன். வாழ்நாள் முழுக்க உழைத்து, வரவு செலவு பார்த்து, கடைசியில் மிஞ்சும் தொகை எவ்வளவு என்பதே அவர் நூலைத் தொடங்கும் கேள்வி. விடை: ஒன்றுமில்லை. சாவு ஞானியையும் மூடனையும் ஒரேபோலக் கொண்டுபோகிறது; சேர்த்ததை யாருக்கோ விட்டுப்போகவேண்டும், அவன் ஞானியோ மூடனோ யாருக்குத் தெரியும் (2:18-19). ஐந்தாம் அதிகாரத்தில் இன்னும் நெருக்கமான ஓர் உதாரணம்: ஒருவன் பொத்திப் பொத்திச் சேர்த்த பணம் ஒரு வியாபாரக் கேட்டில் போய்விடுகிறது. மகன் பிறக்கிறான், தகப்பன் கையில் ஒன்றுமில்லை. தாயின் வயிற்றிலிருந்து எப்படி வந்தானோ அப்படியே போகிறான்.

ஆனால் ஹேலெக் உண்டு. 3:22, 5:18, 9:9 மூன்று இடத்திலும் தமிழிலேயே ‘பங்கு’ என்று சரியாக வந்திருக்கிறது. உண்பது, குடிப்பது, நேசிக்கும் மனைவியோடு வாழ்வது, செய்கிற வேலையில் மகிழ்வது: இதுவே உன் பங்கு. இது சேமிப்பாகாது, பேரப்பிள்ளைக்குப் போகாது, செத்தபின் செல்லாது. கையில் இருக்கும்போதுதான் பங்கு. யித்ரோனைத் தேடிக்கொண்டே ஹேலெக்கைத் தொடாமல் விட்டவனைத்தான் 6:2இல் காண்கிறோம்: செல்வமும் சம்பத்தும் கனமும் எல்லாம் இருக்கும், அனுபவிக்கும் திராணி மட்டும் இருக்காது.

ஒரு பென்சில் எடுத்து 2:10இல் ‘பலன்’ என்பதை அடித்து ‘பங்கு’ என்று ஓரத்தில் எழுதிவையுங்கள். அதன்பிறகு அந்த இரண்டு வசனமும் முட்டிக்கொள்ளா.

கேள்வி: எழுதியது சாலொமோனா? போதகர் அப்படித்தான் சொல்கிறார்.
– வாசகர், தஞ்சாவூர்

மரபு அப்படிச் சொல்கிறது. நூலில் ‘சாலொமோன்’ என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. ‘தாவீதின் குமாரனும் எருசலேமின் ராஜாவும்’ என்று மட்டுமே முதல் வசனம் சொல்கிறது. ‘பிரசங்கி’ என்பதற்கு எபிரேயத்தில் இருக்கும் ‘கோஹெலெத்’ சபை என்ற வேரிலிருந்து வந்த பட்டம், பெயரல்ல. அதன் இலக்கணம் பெண்பால் வடிவம். பதவிப் பெயர்களுக்கு எபிரேயத்தில் அப்படி ஒரு வழக்கு இருந்ததற்கு எஸ்றா 2:55இல் சான்று உண்டு.

சாலொமோன் கி.மு. 10ஆம் நூற்றாண்டு. நூலின் மொழி அத்தனை பழையதல்ல. 2:5இல் தோட்டத்துக்கு ‘பர்தேஸ்’, 8:11இல் தீர்ப்புக்கு ‘பித்காம்’ என்று இரண்டு பாரசீகச் சொற்கள் வருகின்றன. பாரசீகர் ஆட்சி அந்த நாட்டில் காலூன்றியதே கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய விளக்கவுரையாளர் பிரான்ஸ் டெலிட்ச் பழமையில் ஊறியவர். அவரே, இது சாலொமோன் காலத்து நூல் என்றால் எபிரேய மொழிக்கு வரலாறே கிடையாது என்று எழுதினார். பின்னெல்லையும் தெரியும்: சாக்கடலோரக் கும்ரான் குகையில் கிடைத்த பிரசங்கிச் சுருள்துண்டு ஒன்று கி.மு. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. ஆகவே கி.மு. 5ஆம் நூற்றாண்டுக்கும் 3ஆம் நூற்றாண்டின் கடைசிக்கும் நடுவில் வைக்கிறார்கள். 3ஆம் நூற்றாண்டு என்பார் அதிகம்.

பின் ராஜா எதற்கு? அது ஒரு வேடம், அதை ஒளித்துவைக்கவும் இல்லை. இரண்டாம் அதிகாரத்தோடு ராஜா மேடையிலிருந்து இறங்கிவிடுகிறார். பிறகு பேசுகிறவர் ஒரு குடிமகன்: எளியவனை ஒடுக்கும் அதிகாரிக்கு மேல் ஓர் அதிகாரி, அவனுக்கும் மேல் ஒருவன் என்று 5:8இல் அலுத்துக்கொள்கிறார், ராஜாவை மனத்தில்கூட நிந்திக்காதே, ஆகாயத்துப் பறவை கொண்டுபோய்ச் சொல்லிவிடும் என்று 10:20இல் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். சிம்மாசனத்தில் இருப்பவர் பேசுகிற பேச்சா இது? எல்லாம் கைக்கெட்டிய ஒருவனுக்கே ஆதாயம் மிஞ்சவில்லை என்றால் மற்றவனுக்கு எங்கே மிஞ்சும் என்று காட்டத்தான் அந்த வேடம். உங்கள் போதகரோடு சண்டை போடவேண்டாம். முதல் இரண்டு அதிகாரத்தைச் சாலொமோனை நினைத்துக்கொண்டு படிக்கவேண்டும் என்பதில் இருவருக்கும் வேற்றுமை இல்லை.

கேள்வி: கல்யாணத்தில் ‘முப்புரிநூல் சீக்கிரமாய் அறாது’ என்று வாசித்து, கணவன், மனைவி, கடவுள் என்று விளக்கினார்கள். சரியா?
– வாசகி, நாகர்கோவில்

கல்யாணத்துக்கு நன்றாக இருக்கும், வசனத்துக்குப் பொருந்தாது. 4:9-12 கூட்டாக வேலை செய்வது பற்றியது. ஒருவன் விழுந்தால் மற்றவன் தூக்குவான். இருவர் சேர்ந்து படுத்தால் குளிர் தாங்கும் (வழிப்பயணிகளின் கவலை). ஒருவனை அடிக்க வந்தால் இருவராய் எதிர்க்கலாம். இரண்டே நல்லது, மூன்றானால் இன்னும் நல்லது என்று எண்ணிக்கையைக் கூட்டி முடிக்கிறார். மூன்று புரி முறுக்கிய கயிறு என்பது பழைய மெசொப்பொத்தாமியக் காப்பியமான கில்காமேஷ் மரபில் பிரசங்கிக்கு மிக முன்பே இருக்கும் உவமை. தமிழில் ‘முப்புரிநூல்’ என்றதும் பூணூல் நினைவுக்கு வருவது மொழிபெயர்ப்பாளர் எதிர்பாராத உபரி.

கேள்வி: 4:2இல் உயிரோடிருப்பவர்களைவிடச் செத்தவர்களே பாக்கியவான்கள் என்கிறார். 9:4இல் ‘செத்த சிங்கத்தைப்பார்க்கிலும் உயிருள்ள நாய் வாசி’ என்கிறார். எதை எடுத்துக்கொள்வது?
– வாசகர், யாழ்ப்பாணம்

இந்த முரண்களுக்காகவே யூத ஞானிகள் நூலை ஒதுக்கிவைக்க நினைத்தார்கள் என்று யூத மரபுச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூதின் ஷபாத் பகுதி பதிவு செய்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சில ஆய்வாளர்கள் கத்தரியை எடுத்துவிட்டார்கள்: இது முதலாசிரியர், இது பக்திமான் ஒருவர் சேர்த்தது, இது இன்னொரு கை என்று வெட்டிப் பிரித்தார்கள். அப்படி வெட்டினால் முரண் தீரும், நூலும் தீர்ந்துவிடும்.

வேறு வழி இருக்கிறது. அவர் வாதம் நகரும் விதத்தைக் கவனியுங்கள். ஊரில் வழங்கும் ஒரு வாக்கை முதலில் ஒப்புக்கொள்வார், உடனே ‘ஆனாலும்’ என்று தாம் கண்டதை அதன் பக்கத்தில் வைப்பார். 2:14 நல்ல மாதிரி. ஞானியின் கண்கள் அவன் முகத்திலே, மூடனோ இருளில் நடக்கிறான்; இது பழமொழி. இருவருக்கும் நேரிடுவது ஒன்றே என்று கண்டேன். இது அவர் சொல். 8:12-13இல் தேவபயமுள்ளவர்கள் நன்றாயிருப்பார்கள் என்று அறிந்திருக்கிறேன் என்கிறார். அடுத்த வசனத்தில் கண்ணால் கண்டது அதற்கு நேர்மாறாக இருக்கிறது என்கிறார். அறிந்ததும் கண்டதும் பொருந்தவில்லை, இரண்டையும் விடவும் மனமில்லை. அந்த நெருக்கடிதான் நூல்.

நீங்கள் கேட்ட இரண்டு வசனத்துக்கும் பின்னணி வேறு. 4:1இல் ஒடுக்கப்பட்டவர்களின் கண்ணீரைப் பார்க்கிறார், ‘தேற்றுவார் இல்லை’ என்று இருமுறை சொல்கிறார். அந்த வேதனையிலிருந்து வருவது 4:2. ஒன்பதாம் அதிகாரத்தில் கேள்வி வேறு: சாவு எல்லாருக்கும் பொதுவென்றால் உயிரோடிருப்பதில் ஏதாவது உண்டா? உண்டு, கொஞ்சம். அந்தக் காலத்தில் நாய் என்பது தெருவில் எச்சில் பொறுக்கும் பிராணி, சிங்கம் அரசனின் சின்னம். உயிருக்கு எவ்வளவு சின்ன மதிப்புக் கொடுக்கிறார், ஆனாலும் கொடுத்துவிடுகிறார் பாருங்கள்.

கேள்வி: மரித்தபின் மனுஷனுடைய ஆவி மேலே போகிறது என்று 3:21 உறுதி சொல்கிறதல்லவா?
– வாசகர், கோயம்புத்தூர்

உறுதியில்லை, கேள்வி. அதிலும் ஓர் உயிர்க்குறியில் தொங்கும் கேள்வி. எபிரேயம் முதலில் மெய்யெழுத்துகளால் மட்டும் எழுதப்பட்டது. உயிர்க்குறிகள் பல நூற்றாண்டுகள் கழித்து மசோரெத்து எனப்படும் யூத அறிஞர்கள் இட்டவை. அவர்கள் இட்ட குறிப்படி ‘மேலே ஏறுகிற ஆவியை அறிகிறவன் யார்’ என்று வரும்; பழைய தமிழும் அப்படியே. அதே எழுத்துக்கு வேறு உயிர்க்குறி இட்டால் ‘மேலே ஏறுகிறதா என்று யாருக்குத் தெரியும்’ என்றாகும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இப்படித்தான் படித்தது. மனுஷனுக்கும் மிருகத்துக்கும் சுவாசம் ஒன்றே, எல்லாம் மண்ணுக்குத் திரும்பும் என்று 3:19-20இல் சொன்னவர் பேச்சுக்கு இதுவே இசைகிறது. 12:7இல் ஆவி தன்னைத் தந்த தேவனிடத்துக்குத் திரும்பும் என்பது வேறு விஷயம்: கொடுத்த மூச்சைக் கொடுத்தவர் எடுத்துக்கொள்வது. அதில் மறுவாழ்வு பற்றிய போதனையைத் தேடினால் கிடைக்காது.

கேள்வி: 12ஆம் அதிகாரத்தில் காவலாளி, ஏந்திரம், வாதுமை, வெட்டுக்கிளி என்று வருவது என்ன? ஒவ்வொன்றாக விளக்கவும்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தூத்துக்குடி

முதுமையின் படம். உடம்பை ஒரு வீடாகக் காட்டுகிறார். தள்ளாடும் காவலாளிகள் கைகள். கூனிப்போன பெலசாலிகள் கால்கள். அரைக்கிறவர்கள் கொஞ்சமாகிவிட்டார்கள் என்றால் பற்கள், பலகணி வழியாகப் பார்க்கிறவர்கள் கண்கள். இதில் எபிரேயம் படிப்பவருக்கு மட்டும் தெரியும் நுட்பம் ஒன்று: ‘அரைக்கிறவர்கள்’, ‘பார்க்கிறவர்கள்’ இரண்டும் பெண்பால். வீட்டில் ஏந்திரத்தில் மாவரைத்தவர்கள் பெண்கள். எபிரேயத்தில் பல், கண் என்ற சொற்களும் பெண்பால். வீட்டுப் படமும் உடற்படமும் அச்சாகப் பொருந்துகின்றன.

தெருவாசல் அடைபடுவது காது மந்தமாவது. ஆனால் குருவிச் சத்தத்துக்கே தூக்கம் கலைந்துவிடும். இந்த இரண்டும் ஒரே கிழவருக்கு எப்படி நேரும் என்று கேட்காதீர்கள், நேரும். வாதுமை மரம் அந்த நாட்டில் சனவரி, பிப்ரவரியில், இலை வருமுன்னே கிளை முழுக்க வெண்ணிறமாய்ப் பூக்கும்; அது நரைத்த தலை. வெட்டுக்கிளி பாரமாவதை, ஒரு பூச்சியின் எடைகூடத் தாங்காது என்றும், குதித்த கால் இழுத்து நடக்கிறது என்றும் இரண்டு விதமாகச் சொல்வர். ‘பசித்தீபனமும் அற்றுப்போகும்’ என்ற இடத்தில் மூலம் சொல்வது ஒரு முட்செடியின் காயை. பசியையும் காமத்தையும் தூண்ட அதை உண்டார்கள். தமிழில் காயை விட்டுவிட்டு அதன் வேலையைச் சொல்லியிருக்கிறார்கள், கெட்டிக்காரத்தனம்தான்.

ஆறாம் வசனத்தில் வீடு மறைந்து வேறு இரண்டு படங்கள். வெள்ளிக்கயிற்றில் தொங்கும் பொற்கிண்ணி விளக்கு. கயிறு அறுந்து விழுந்தால் ஒளி போயிற்று. சாலும் உருளையும் கிணற்றுச் சாமான். உடைந்தால் தண்ணீர் போயிற்று. கயிற்றை முதுகெலும்பு, கிண்ணியை மூளை, உருளையை இருதயம் என்று உடற்கூறு வகுப்பு நடத்துகிறவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. மேலேயுள்ள விளக்கத்திலும் எல்லாரும் ஒத்துப்போவதில்லை. தெருவே துக்கம் காக்கும் சவ ஊர்வலக் காட்சி என்று நேராகவே படிப்பவர்களும் இருக்கிறார்கள். ஐந்தாம் வசனத்தின் முடிவில் துக்கம் கொண்டாடுகிறவர்கள் வீதியில் திரிகிறார்களே, அவர்களுக்கு அது ஆதாரம்.

இன்னொன்று. அதே வசனத்தில் ‘நித்திய வீடு’ என்று வரும் இடத்தில் ‘ஓலாம்’ என்ற சொல் இருக்கிறது. 3:11இல் ‘உலகத்தையும் அவர்கள் உள்ளத்திலே வைத்திருக்கிறார்’ என்ற இடத்திலும் அதே ‘ஓலாம்’. பிற்கால எபிரேயத்தில்தான் அதற்கு உலகம் என்ற பொருள் நிலைத்தது. வேதாகம எபிரேயத்தில் எல்லை தெரியாத நெடுங்காலம். நெடுங்காலத்தை நினைக்கும் ஆசையை மனுஷன் உள்ளத்தில் வைத்துவிட்டு, ஆதிமுதல் அந்தம்வரை நடப்பதைக் கண்டுபிடிக்கும் திறனை மட்டும் கொடுக்கவில்லை என்பது 3:11இன் குறை. அந்த முறையீட்டைக் கழித்துவிட்டு ‘அதினதின் காலத்திலே நேர்த்தியாகச் செய்திருக்கிறார்’ என்ற முன்பாதியை மட்டும் நாட்காட்டியில் அச்சடிக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் ஆறு வாரம் இந்த நூலைப் படிக்கப்போகிறோம். எப்படிப் பிரிப்பது? எங்கே தடுக்கும்?
– வாசகி, வேலூர்

முதலில், தொடங்குவதற்கு முன் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள், பன்னிரண்டு அதிகாரத்தையும் ஒரே அமர்வில். மொத்தம் 222 வசனம், முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். துண்டுதுண்டாகத் தொடங்கினால் குரல் பிடிபடாது.

பிறகு நான்கு நிறப் பென்சில்: ‘மாயை’, ‘பலன்’, ‘பங்கு’, ‘சூரியனுக்குக் கீழே’. கடைசித் தொடர் 29 முறை வரும். பினீசியக் கல்லறைக் கல்வெட்டுகளிலும் ‘சூரியனுக்குக் கீழே உயிரோடிருப்பவர்கள்’ என்ற வழக்கு உண்டு; ‘கடவுளில்லாத வாழ்க்கை’ என்று அதற்கு இரகசியப் பொருள் கொடுக்கும் விளக்கத்தை நம்பவேண்டாம். உயிரோடிருக்கும் காலம், அவ்வளவே.

அடுத்து மகிழ்ச்சியைச் சொல்லும் ஏழு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: 2:24-26, 3:12-13, 3:22, 5:18-20, 8:15, 9:7-10, 11:7-10. வரிசையாகப் படித்தால் குரல் ஏறுவது தெரியும். முதலில் ‘இதைவிட நன்மை இல்லை’ என்று அரைமனம். 8:15இல் ‘மகிழ்ச்சியைப் புகழ்ந்தேன்’. 9:7இல் ‘நீ போய், புசி, குடி’ என்று ஏவல். கடைசியில் வாலிபனைப் பார்த்து ‘சந்தோஷப்படு’. உங்கள் ஐக்கியத்துக்கு அந்த 11:9 பொருத்தம். அதன் பின்பாதியில் நியாயத்தீர்ப்பும் இருக்கிறது, அதையும் விடாதீர்கள்.

வாரங்கள்: 1–2, 3, 4:1–6:9, 6:10 முதல் 8 முடிய, 9–10, 11–12. மூன்றாம் வாரம் 6:9இல் நிற்கக் காரணம், அங்கே சரியாக 111 வசனம் முடிகிறது. பழைய யூத எழுத்தர்கள் நூலின் நடுவைக் குறித்த இடம் அது. எபிரேயப் பதிப்பை யாராவது ஒப்பிட்டால் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு வசனம் தள்ளிவரும்: நம் 5:1 அவர்களுக்கு 4:17. தவறல்ல.

தடுக்கும் இடங்கள் இரண்டு. 3:1-8இல் ‘காலமறிந்து செயல்படு’ என்ற அறிவுரையை எடுத்துவிடுவார்கள். பதினான்கு இணைகளில் முதல் இணையே பிறப்பும் இறப்பும்; அதற்கு யார் காலம் பார்க்க முடியும்? ஒன்பதாம் வசனம் மறுபடி யித்ரோனைக் கேட்கிறது, அதையும் சேர்த்துப் படித்தால்தான் பட்டியல் எதற்கென்று தெரியும். இரண்டாவது, 12:13ஐ முதல் வாரத்திலேயே சொல்லி எல்லாவற்றையும் மூடிவிடுவது. 12:9 முதல் பேசுகிறவர் வேறொருவர். பிரசங்கியைப் ‘அவர்’ என்று படர்க்கையில் சொல்லி அறிமுகம் செய்கிற குரல் அது. அந்த முடிவுரை பிரசங்கியோடு ஒத்துப்போகிறதா, அவரைச் சற்று அடக்கிவைக்கிறதா என்பது ஆறாம் வாரத்துக்கு நல்ல விவாதம். முதல் வாரத்துக்கு அல்ல.

கேள்வி: யூதர்கள் இதை எப்போது வாசிக்கிறார்கள்?
– வாசகர், சென்னை

இலையுதிர்காலத்துக் கூடாரப் பண்டிகையில். ஐரோப்பிய யூத மரபில் பண்டிகை வாரத்து ஓய்வுநாளன்று ஜெப ஆலயத்தில் முழுவதையும் வாசிப்பார்கள். அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்திருக்கும் நேரம். அந்த வாரம் கீற்றுக்கூரை போட்ட, வானம் தெரியும் பந்தலில் இருப்பது கட்டளை. நூல் யூத வேதாகமத்துக்குள் நுழைந்ததே சண்டையோடுதான்: பிரசங்கி பரிசுத்த நூல்களில் சேருமா என்பதில் ஹில்லேல், ஷம்மாய் என்ற இரண்டு யூத குருமாரின் பள்ளிகள் மாறுபட்டதைப் பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா குறித்திருக்கிறது. ஹில்லேல் பக்கம் வென்றது.

வாசிப்பில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வசனமான 12:14 ‘தீமை’ என்ற சொல்லில் முடிகிறது. அப்படி முடிக்க மனமில்லாமல், 14ஐ வாசித்தபின் மறுபடி 13ஐ வாசித்து நிறுத்துகிறார்கள். ஏசாயா, பன்னிரு சிறிய தீர்க்கதரிசிகள், புலம்பல் ஆகியவற்றின் முடிவிலும் இப்படியே செய்கிறார்கள். நான்கு நூல்களையும் மறக்காமலிருக்க எபிரேயப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து நான்கெழுத்துக் குறிப்பு ஒன்றும் வைத்திருக்கிறார்கள்.